பன்னிரண்டாம் கட்டில்காரர்

“நீங்கதான் முதல்ல பேசணும் சார்ஜென்ட். அக்காவைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?” என்றாள், முன்னாள் படைவீரர் இல்லத்துக்கு வந்து ஆறு மாதமே ஆன நர்ஸ்.

சார்ஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். “என்னை விட்டுரும்மா. எனக்கு அந்த யோக்கியதை இல்ல.”

“போர்க்கதை ஆரம்பிச்சா எங்களைச் சாப்பிட விடமாட்டீங்க. இன்னைக்கு மட்டும் வாய் ஒட்டிக்கிச்சா?”

அஞ்சலிக் கூட்டத்துக்காக, சாப்பாட்டுக் கூடத்தில் மாலை போட்ட அக்காவின் படத்துக்கு முன்னால் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒரே மகனைப் போரில் பறிகொடுத்தபின் இங்கே சமூகப் பணியாளராகச் சேர்ந்தவர் அக்கா. இருபத்திரண்டு வருடங்கள் இவர்களுடைய புண்களைக் கழுவினார், இவர்களுக்காக அலுவலகங்களில் சண்டை போட்டார். தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலருகேயும் நின்று ஜெபம் செய்வார். “கடவுளுக்கே உங்க கட்டில் நம்பர் மனப்பாடம் ஆயிருக்கும்” என்று சிரிப்பார்.

“போன வருஷம் அக்காவுக்கு வேலை போச்சே, ஒரு மொட்டைக் கடுதாசியால. அதை எழுதினவன் நான்தாம்மா” என்றார் சார்ஜென்ட்.

பூக்களை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“பன்னெண்டாம் கட்டில்காரர் சிப்பாயே இல்லன்னு எழுதினேன். போர்க்கால ஆஸ்பத்திரிலேர்ந்து அக்கா கூட்டிட்டு வந்த ஆள். கையில ஒரு காகிதம் கிடையாது. தொண்டையில குண்டு பட்டுப் பேச்சு போச்சு, சரி. சல்யூட்டுமா மறந்துபோகும்? நாங்க உள்ளங்கை வெளியே தெரிய அடிப்போம். அவர் கையைக் கவிழ்த்து அடிச்சார். எங்க எந்தப் படைப்பிரிவிலயும் அப்படிக் கிடையாது.”

“விசாரணையில அக்கா என்ன சொன்னாங்க?”

“‘அவரும் போர்ல அடிபட்ட சிப்பாய்தான், எனக்குத் தெரியும்.’ அவ்வளவுதான். ஜெபம் பண்ற வாயால இப்படிப் புளுகுறாங்களேன்னு எனக்கு ஆத்திரம்.”

பன்னிரண்டாம் கட்டில்காரரை வயதுக்கு இரங்கி விட்டுவைத்தார்கள். அக்காவை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகும் அவர் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனார்.

“எழுத்து என்னோடதுன்னு அவங்களுக்குத் தெரியும்மா. அப்பவும் என் முட்டிவலி எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு.”

அப்போது பன்னிரண்டாம் கட்டில்காரர் மெதுவாக நடந்து வந்தார். மடித்த காகிதம் ஒன்றைச் சார்ஜென்ட்டிடம் நீட்டி, மைக்கைக் காட்டினார். அவருக்கு நம் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

மறுக்க முடியவில்லை. சார்ஜென்ட் மைக் முன்னால் போய் நின்றார். இதைப் படித்து முடித்ததும் எல்லோர் எதிரிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வாசித்தார்.

“‘அக்கா பொய் சொல்லவில்லை. நான் சிப்பாய்தான். முழு உண்மையும் தெரிந்தால் என்னை இங்கே இருக்க விடமாட்டார்கள் என்றுதான் அவர் பேசாமல் இருந்தார். அவர் பெயர் கெட்டது போதும். இப்போது நானே சொல்கிறேன்...’”

அடுத்த வரியைப் பார்த்ததும் சார்ஜென்ட் காகிதத்தை நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் காகிதத்தை வாங்கி மீதியைப் படித்தாள்.

“‘அந்தப் போரில் நான் உங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று சுட்டவன். அக்காவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.’”