பத்தாவது கிலோமீட்டர்

தோவாளை தாண்டியதும் ஓட்டுநர் இல்லாத அந்தக் கார் தானாக நின்றது. "உங்கள் மகன் அனுமதித்த பத்து கிலோமீட்டர் எல்லை முடிந்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, எஸ்தரை நாகர்கோவில் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டது. வள்ளியூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கையைப் பார்க்க அவர் புறப்பட்டது இது மூன்றாவது தடவை.

மறுநாளே எஸ்தர் பழைய இரும்புக் கடைக்குப் போய், கையால் ஓட்டிய காலத்துக் கார் ஒன்றை வாங்கி ஷெட்டில் இறக்கினார்.

டொராண்டோவிலிருந்த மகன் ஜெபினுக்குச் சந்தோஷம். "நல்ல பொழுதுபோக்கும்மா. என்ன பார்ட்ஸ் வேணும்னாலும் சொல்லுங்க, நான் அனுப்புதேன்."

கேட்டதையெல்லாம் அனுப்பினான். அவனுக்கும் கிடைக்காத கிளட்ச் கேபிளுக்குப் பதிலாக எஸ்தர் ஆட்டோ கேபிளை வெட்டிப் பொருத்தினார். கார்புரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டினார். விரல் நசுங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு ஐந்தாவது முறையும் கழற்றினார்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் ஜெபின் வீடியோவில் அழைத்தான்.

"தானா ஓடுற கார் வீட்டுலதான் நிக்குன்னு என் போன்ல காட்டுது. ஷெட்டுலயா இருக்கீங்க? உங்க பழைய வண்டி எப்பம்மா ஓடும்?"

எஸ்தர் எஞ்சினை அணைக்காமல் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடிக்கு வெளியே, தோவாளைக்கும் அப்பால் சுழன்றுகொண்டிருந்த முப்பந்தல் காற்றாலைகளின் பக்கம் போனைத் திருப்பினார்.

"சித்திகிட்ட ஏதாவது சொல்லணுமா மக்ளே?"