கல்யாண நாள் ஜெபம்

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

பிறந்தநாள்காரர்கள் ஜெபம் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பியாயிற்று. "இந்த வாரம் கல்யாண நாள் உள்ளவங்க பீடத்தண்டை வாங்க" என்று போதகர் மைக்கில் கூப்பிட்டார். போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தது ஒரே ஒரு ஆள். அவள் புருஷன்.

வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காணிக்கைக் கவரோடு முன்னே நடந்தான்.

பெண்கள் பக்கத்தில் இருந்த அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர்களுக்குக் கல்யாணம் ஆனது தை மாதம். இது வைகாசி.

காற்றாலையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிற மனுஷன். மாதம் குழம்பியிருக்குமோ?

அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. தன்னைக் கட்டின நாளை ஒருத்தன் மனசில் வைத்திருக்கிறான் என்றால், மாதம் தப்பினால்தான் என்ன?

பக்கத்தில் இருந்த பெர்சிஸ் அவள் முழங்கையைச் சுரண்டினாள். அவனுடைய மகள். பத்து வயது.

"சித்தி, இது எங்கம்மா கல்யாண நாளு. அம்மா இருக்கும்போது ரெண்டு பேரும் போவாவ. அப்பா மறந்துட்டாவ போல."

துள்ளியது அடங்கிப்போயிற்று.

அவன் எதை மறந்தான் என்று பிள்ளை சொல்லவில்லை. கல்யாண நாளை அவன் மறக்கவில்லை. முதல் மனைவி ரோஸ்லின் இப்போது இல்லை என்பதைத்தான் மறந்திருக்கிறான். கால் பழகிய பாதை. கூப்பிட்டதும் போய்விட்டது.

கோபம் வரவேண்டுமே, வருகிறதா என்று அவள் தனக்குள் தேடிப்பார்த்தாள். வந்தது கோபம்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

கல்யாணம் பேசி முடித்தபோதே பேச்சு சுத்தமாகத்தான் இருந்தது. பழைய போதகர் வீட்டு வராந்தாவில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு கெடைச்சாப் போதும்" என்றான் அவன்.

"எம் பிள்ளைய யாரும் ஏசாம இருந்தாப் போதும்" என்றாள் அவள். புருஷன் போனபின் அண்ணன் வீட்டில் இருந்து பட்டவள்.

இரண்டு 'போதும்'களில் முடிந்த கல்யாணம். அவன் ஹாலில் படுப்பான். அவள் இரண்டு பெண்பிள்ளைகளோடு உள்ளே. இதற்குமேல் கேட்க அவளுக்கு வாயில்லை. கேட்கவும் இல்லை.

"தம்பி, வீட்டம்மா எங்க?" போதகர் சிரித்தபடி பெண்கள் பக்கம் பார்த்தார். "வெட்கப்படாம வாங்கம்மா."

அவன் திரும்பினான்.

அவளைப் பார்க்கவில்லை. இரண்டாவது பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தான். அங்கே ஒரு கிழவி விசிறிக்கொண்டிருந்தாள். முன்பு ரோஸ்லின் உட்கார்ந்த இடமாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையில் கவர் கசங்கியது.

பின்பெஞ்சில் கிசுகிசு கிளம்பியது.

"ஏட்டி, தையிலதான கெட்டுனாவ? அதுக்குள்ள வருசம் திரும்பிட்டோ?"

"சும்மா கெட. ஜெப நேரத்துல."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், அவள் என்ன செய்வாள்? எழுந்து போனால், செத்தவளின் நாளில் செத்தவளின் இடத்தில் போய் நிற்கிறாள். போகாவிட்டால், "அவ இல்லங்கய்யா" என்று அத்தனை பேர் முன்னால் அவன் வாயால் வரவேண்டும். பெர்சிஸ் அதைக் கேட்கவேண்டும். உட்கார்ந்தால் சோறாக்க வந்தவள். போனால் யார்?

யோசித்து முடிக்கவில்லை. மடியில் தூங்கின தன் சின்னவளைப் பெர்சிஸ் மடிக்கு மாற்றினாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

நடந்தாள்.

அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனிடமிருந்து சோப்பு வாசனை வந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"எத்தனாவது வருஷம்மா?"

அவன் கசங்கிய கவரை நீவினான்.

"பன்னெண்டு, ஐயா" என்றாள் அவள்.

பெர்சிஸின் வயதை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு. ஆண்டவர் சந்நிதியில் பொய். அதுவும் இன்னொருத்தி வாழ்ந்த வருஷங்களைத் தன்னுடையவை என்று.

போதகர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார்.

"இல்லங்கய்யா."

அவன் குரலை மைக் பிடித்துக் கோயில் முழுக்கக் கொண்டுபோனது.

"இவளக் கெட்டி நாலு மாசந்தான் ஆவுது."

இரண்டாவது பெஞ்சில் விசிறி நின்றது.

போதகரின் கையும் பாதியில் நின்றது. அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

மறைக்க வந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டானா? பொய்க்காரி ஆக்கிவிட்டானா? இல்லை, வேறென்ன? 'இவளை' என்றானே. வீட்டில் "இந்தா", இல்லையென்றால் "பெர்சிஸ், சித்திட்ட சொல்லு". அதற்குமேல் கூப்பிட்டது கிடையாது. இங்கே ஊருக்கு நடுவில் 'இவளை' என்கிறான்.

சந்தோஷப்படவா? அதற்கும் பயமாக இருந்தது.

"முழங்கால் போடுங்க" என்றார் போதகர். எந்தக் கணக்கையும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பீடத்தின் முன்னால் முழங்காலிட நீளப் பலகை. அவள் தள்ளித்தான் முழங்கால் போட்டாள். நடுவில் இன்னொருத்திக்குத் தாராளமாக இடம் இருந்தது. ரோஸ்லினுக்கென்று விட்டாளோ, கூச்சத்தில் விட்டாளோ.

கண்ணை மூடினாள்.

ஜெபம் நீண்டது. ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

நடுவில் பலகை அசைந்தது. அவள் பக்கமாகத் தாழ்ந்தது. அந்தச் சோப்பு வாசனை கிட்டத்தில் வந்தது.

சபை முழுக்க ஆமென் சொன்னது.

அவள் சொல்லவில்லை. சொன்னால் கண்ணைத் திறக்கவேண்டியிருக்கும்.