இடது கால் பிரேக்

"நான்தான் சார் ஓட்டினேன். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன்."

விசாரிக்க வீட்டுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் தம்பி இப்படிச் சொன்னதும் அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த எண்ணெய்த் துணி நழுவிக் கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

முந்தின நாள் காலைத் தூறலில், நாற்சந்தியில் ஒரு பைக் தபால்காரரை இடித்துத் தள்ளிவிட்டது. தொடை எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஓட்டிய ஆசாமி, விழுந்த வண்டியை நிமிர்த்திக்கொண்டு நிற்காமல் போய்விட்டார். கடைவாசல் கேமராவில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. வண்டி எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அது தம்பியின் புது பைக்.

தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வழக்குப் பதிவானால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேலை போகும்.

"பொய் சொல்றான் சார். ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தான். நான் கிளம்பும்போது பார்த்தேனே."

சிநேகிதன் எவனுக்கோ சாவியைக் கொடுத்துவிட்டு, இப்போது பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்பது அண்ணனின் முடிவு. சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஒப்புக்கொள்கிற ஆளை விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத ஆளைத் தேடச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார். யார் ஓட்டினதுன்னு வண்டியே சொல்லும்."

அண்ணன் லேத் பட்டறை வைத்திருப்பவர். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஞாயிறுதோறும் கூடும் பைக் பிரியர்கள் சங்கத்தில் ஆளுக்கொரு காலத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒருவருக்கு எழுபதுகளின் டூ-ஸ்ட்ரோக் புகை சந்தனமாய் மணக்கும். தம்பிக்குக் கம்ப்யூட்டர் வைத்த இந்தக் காலத்து வண்டிதான் வண்டி. அண்ணனுக்கோ அறுபதுகளைத் தாண்டினால் உலகமே இல்லை, பிறகு வந்ததெல்லாம் தையல் மிஷின். காயலான் கடைக்கு வழி தெரியாமல்தான் உங்கள் வண்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று தம்பி திருப்பிக் கொடுப்பான். இந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

வண்டி நின்ற கொட்டகை இருட்டாக இருந்தது. அண்ணன் தன் மனைவியைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் அவள். டார்ச்சின் சுவிட்சைத் தேடி அவள் தடுமாறியதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை.

"விட்டுடுங்கண்ணே," என்றான் தம்பி. அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வண்டி வலது பக்கமா விழுந்திருக்கு சார். சிராய்ப்பெல்லாம் அந்தப் பக்கம்தான். இப்ப இடது பக்கம் பாருங்க." மனைவியிடம் திரும்பி, ஆட்டாமல் பிடிக்கச் சொன்னார். "கியர் மிதி வளைஞ்சு தொங்குது. இது விழுந்ததுல வளைஞ்சது இல்ல. யாரோ முழு பலத்தோட மிதிச்சிருக்காங்க. வலது பக்கம் பிரேக் மிதியில பாருங்க, சேறு அப்படியே காஞ்சு கிடக்கு. கால் படவே இல்ல."

"பதட்டத்துல பிரேக்குக்குப் பதிலா கியரை மிதிச்சிருக்கார். அதனால என்ன?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அதற்காகவே காத்திருந்தவர் போல அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கினார். இந்தக் காலத்து வண்டியில் இடது காலுக்குக் கியர், வலது காலுக்குப் பிரேக். அறுபதுகளின் வண்டிகள் பலவற்றில் அப்படியே தலைகீழ், பிரேக் இடது காலில் இருக்கும். அவற்றில் கைப்பிடி பிரேக் பேருக்குத்தான் என்பதால், ஆபத்து என்றால் கால்தான் முந்தும். அந்த நொடியில் கால் மூளையைக் கேட்டுக்கொண்டு இறங்காது. எந்தப் பக்கம் முதலில் பழகியதோ அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

"இவன் பழகினது பூரா புது வண்டி. எவ்வளவு பயந்தாலும் இவனுக்கு வலது கால்தான் போகும். என் வண்டியில இவன் ஏறி உட்கார்ந்ததுகூட இல்ல சார். இதை மிதிச்சது பழைய வண்டியில ஓட்டப் பழகின கால்."

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிராய்ப்பைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான். இவர் ஓட்டலை."

தலையிலிருந்து மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அண்ணனுக்கு. பெருமையோடு தம்பியைப் பார்த்தார். தப்பித்துக்கொண்டவனின் முகம் ஏன் இப்படிச் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"அந்த மாதிரிப் பழைய வண்டி இந்த ஊர்ல எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு சார், என்னோடது. நேத்து காலையில அதுவும் நானும் வெளியூர்க் கண்காட்சி மேடையில நின்னோம். இருநூறு பேர் சாட்சி."

"அப்ப இதை ஓட்டினது யாரு?"

அண்ணன் வளைந்த மிதியை மறுபடியும் குனிந்து பார்த்தார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். டார்ச் வெளிச்சம் வண்டியிலிருந்து மெல்ல இறங்கியது.

"தம்பி மேல எழுதாதீங்க சார்," என்ற மனைவி, கணவரின் பக்கம் திரும்பினாள். "கல்யாணமான புதுசுல உங்க வண்டியிலதானே எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தீங்க... பயத்துல அந்த இடது காலாலதாங்க மிதிச்சேன்."