சொந்தக் கால்

மூட்டு தேய்ந்தவர்கள் எல்லாம் பெரம்பலூர் மக்காச்சோளத்தில் செய்த மூட்டைப் பொருத்திக்கொண்டு நடந்த காலம் அது. அந்தச் சோளத்தை நம்பியே ஊரைச் சுற்றி ஆலைகள் முளைத்திருந்தன. கடைசியில், விதைத்த செம்பாயிக்கே முழங்கால் தேய்ந்துபோனது.

“கொல்லய குத்தகைக்கு வுட்டுட்டு எங்கூட மெட்ராசுக்கு வந்துரும்மா. இனிமே ஒன்னால ஆவாது” என்றான் மகன் இளவழகன்.

செம்பாயி உள்ளூர் ஆலையின் மூட்டுதான் வேண்டுமென்று பொருத்திக்கொண்டாள். மருத்துவர் கருவியை முழங்காலில் வைத்ததும், எந்த நிலத்துச் சோளம் என்று அது சொன்னது: “நரிப்பாறைக் கொல்லை. விதைத்தவர் செம்பாயி.”

கட்டிலைவிட்டு இறங்கியவள் யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தாள்.

“வெதைக்க நாளாவுது, வண்டிய எடு. இப்பதான்டா நெசமாவே சொந்தக் கால்ல நிக்கிறேன்!”