கூடாரத்தில் இன்னொருத்தி

"என் மூச்சைப் பத்தி துளசிக்குத் தெரியாததே இல்ல," என்றான் முகுந்தன், போன மாதம்.

"பன்னிரண்டு வருஷமா பக்கத்துல படுக்கிற எனக்கு?"

"உனக்குத் தெரிஞ்சது என் குறட்டைதான்."

துளசி மனுஷி இல்லை. இமயமலையில் ஸ்பிதி மலையேற்றத்துக்கு உடம்பைப் பழக்க, படுக்கையறையில் அவன் போட்டிருந்த பிராணவாயு குறைந்த கூடாரத்தின் கணினிக் குரல். அவன் மனைவி சுகந்தி வெளியே பாயில் படுத்து இருவரின் கிசுகிசுப்பையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று சாயங்காலம் அவனுடைய கம்பளிச் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருவரும் சிரித்தார்கள். சுகந்தி கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முகுந்த், இன்னொரு மூச்சு கேட்குதே. யாரது?" என்றது துளசி.

சுகந்திக்கு அதற்குள் மூச்சு வாங்கியது.

"என்னையும் சேர்த்துப் பழக்கிவிடச் சொல்லுங்க அவகிட்ட," என்றாள். "கல்யாணம் ஆனதுலேருந்து கேட்க நினைச்சதுதான். என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க."