உள்ளூர்க் கூண்டு

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கடலைப் பயிர்ப் பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி செய்யும் கம்பெனி அது. சோதனை அறையில் இரண்டு வலைக்கூண்டுகள். ஒன்றில் தர்மபுரியில் பிடித்த ஆண் அந்துப்பூச்சிகள், மற்றதில் உள்ளூர் வயலில் பிடித்தவை. இரண்டும் ஒரே இனம்தான். பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் மூடியோடு எட்மண்ட் தினமும் மாலையில் உள்ளே வருவான். அவன் போகிற பக்கமெல்லாம் தர்மபுரிப் பூச்சிகள் வலையில் வந்து அப்பிக்கொள்ளும். உள்ளூர்ப் பூச்சிகள் திரும்பியும் பார்க்காது.

“நம்மூர் பூச்சிக்கு ரோசம் ஜாஸ்தி மச்சான்” என்பான், கூட வேலை செய்யும் கோவிந்தனிடம்.

தொண்ணூற்று மூன்றில், வேலைக்கு வரும்போது சென்னீர்குப்பத்தில் லாரி மோதி எட்மண்ட் செத்துப்போனான். அடக்கம் முடிந்த மறுநாள் மாலை மூடி எதையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. தர்மபுரிப் பூச்சிகள் அசையாமல் கிடந்தன. உள்ளூர்ப் பூச்சிகள் மொத்தமாகக் கதவுப் பக்கம் வந்து அப்பின. பிறகு ஆள் நடக்கிற வேகத்தில் வலையோடு நகர்ந்து, எட்மண்டின் ஸ்டூல் இருந்த பக்கம் நின்றன.

அவனுடைய பொருட்களை வாங்கிப்போக மனைவி ஹில்டா வந்தாள்.

“என்னப்பத்தி எதுனா சொல்லிகினு இருந்தாராண்ணே?”

“உன் பேச்சுதாம்மா எப்பவும்” என்றான் கோவிந்தன்.

அவள் கிளம்பியதும் உள்ளூர்ப் பூச்சிகள் கதவுப் பக்கம் போயின. அங்கிருந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்த ஜன்னல் பக்கம் நகர்ந்தன. பஸ் வந்தது. ஹில்டா ஏறிப் போனாள். பூச்சிகள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு, மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பத் தொடங்கின.

அவை வந்து சேர்வதற்குள் கோவிந்தன் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான்.

பூச்சிகள் கதவுப் பக்கம் வந்து, ஸ்டூல் பக்கம் போகாமல் அங்கேயே நின்றன.