வேகம் குறைத்த மோட்டார்

நார் மில்லின் பெரிய மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்து, வேறு கணக்கில் புதிதாகச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தான் ஜெகதீசன். தேங்காய் மட்டையை நாராகக் கிழிக்கும் பல் உருளை போன மாதம் அதற்கு மட்டை கொடுத்துக்கொண்டிருந்த பாப்பாத்தியின் விரல்களை இழுத்துக்கொண்டது. அதனால்தான் வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. சுவிட்சைப் போட்டதும் உருளை நிதானமாகச் சுற்றியது. அதிர்வு இல்லை, சூடும் ஏறவில்லை. “இனி யாருக்கும் பயமில்லீங்க தம்பி” என்றார் முதலாளி.

பாப்பாத்தியின் இடத்தில் மயிலாத்தாள் வந்து நின்றாள். மட்டை கொடுக்கும்போது அவள் உருளையைப் பார்ப்பதே இல்லை. பல வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் வரும். “ஏனுங் தம்பி, உங்க மோட்டாருக்குத் தூக்கம் வருதாட்ட இருக்குது” என்று அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். முதல் மட்டையின் வால் இன்னும் உள்ளே போயிருக்கவில்லை. அதற்குள் அடுத்த மட்டையோடு அவள் கை வந்துவிட்டது. பழைய வேகமாக இருந்தால் அந்நேரம் முதல் மட்டை முழுதும் உள்ளே போயிருக்கும். மட்டைகள் இரண்டும் முட்டிக்கொள்ள, கை வழுக்கிப் பற்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“பாத்துக் குடுங்கக்கா.”

“பாத்தா எனக்குக் கை ஓடாது சாமி.”

அவள் அடுத்த மட்டையை எடுத்தாள், அதே பழைய வேகத்தில்.

“அதான் நல்லா ஓடுதே, நீங்க கெளம்புங்க” என்றார் முதலாளி. வெளியே அவனை ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடித்தது. ஜெகதீசன் மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் வைத்த விரலை எடுக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.